ராகுகாலத்துக்கு முன் கிளம்பிய கயாக்

சனிக்கிழமை காலை எட்டு மணி ஐம்பத்தொரு நிமிடம். காரின் பின்பக்கக் கேமராவில், கராஜுக்கு வெளியே காலியான டிரைவ்வே தெரிந்தது. அதன் கோடியில் குப்பைத்தொட்டி. தடை எதுவும் இல்லை. அந்தக் கேமரா தரையைப் பார்க்கும், மேலே பார்க்காது.

அமெரிக்காவில், லிவர்மோரில் நாங்கள் அப்போதுதான் வாங்கியிருந்த சின்ன ஹைபிரிட் கார் அது. என் மனைவி சுதா நாற்பது வயதுக்கு மேல் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டக் கற்றுக்கொண்டவள். (நீச்சலும் அதே வருடம்தான்.) அன்று ஒன்பதரைக்கு, கயாக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களை அவள் முதல்முறையாக ஏரிக்குள் அழைத்துப் போக வேண்டும். தாமதமானால் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

அவள் கேட்டது வேன். நான் மைலேஜ் என்று நின்றேன். கயாக், துடுப்பு, உயிர்காப்பு ஜாக்கெட் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, கூரை தாங்குமா என்று பார்த்தேன். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துக் குமரனின் வேனைக் காட்டி, "அது ஒரு பெட்ரோல் பங்க்கையே குடிச்சிடும், சுதா" என்றேன். (குமரன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.)

நான் ராகுகாலத்தை நம்புபவன் அல்ல, பார்ப்பவன். சனிக்கிழமை அது ஒன்பதுக்குத் தொடங்கும். அதனால் முந்தின மாலையே, கராஜுக்குள் வைத்தே கயாக்கைக் கார்க் கூரையில் ஒருக்களித்துக் கட்டிவிட்டோம். காலையில் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

"கொஞ்சம் இருங்க, மேல ஒருதரம் பாத்துட்டு..." என்றாள் சுதா, வெளியே நின்றபடி.

"ஒம்பது ஆகப்போகுது!"

எலுமிச்சைகள் நான்கும் முறைப்படி நசுங்கின. அடுத்து கேட்டது வேறு சத்தம்.

கராஜின் உட்கூரை உயரம், கதவு தாழ்வு. கார் வெளியே வந்தது. கயாக், அதைக் கட்டியிருந்த கூரை ரேக்கோடு பிய்ந்து உள்ளேயே விழுந்தது.

சீரியல் கிண்ணத்தோடு வந்து நின்ற மகள் நிலா நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, தட் வாஸ் தி ஹவுஸ்."

சுதா கயாக்கைப் புரட்டி, அடிப்பாகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். கீறல்கள்; ஓட்டை இல்லை. என்னை அவள் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு குமரன் சாவியோடு வந்துவிட்டார்.

"என்ர வான் எண்ணெய் குடிக்கும்தான் அண்ணை. ஆனா கயாக் உள்ளுக்க போகும். ஏறுங்கோ அக்கா."

"ராகுகாலம் ஆரம்பிச்சாச்சே..." என்றேன்.

"உங்களுக்கு எட்டு அம்பத்தொண்ணுக்கே ஆரம்பிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு சுதா வேனில் ஏறினாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஏரிக்குள் அழைத்துப் போன எல்லோரையும் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவந்தாள். இப்போது சனிக்கிழமைதோறும் அவள்தான் அழைத்துப் போகிறாள். நான் எந்த வாசலைத் தாண்டினாலும், கோயில் வாசலானாலும் சரி, பின்னாலிருந்து நிலா "அப்பா, மேல" என்கிறாள். கயாக் குமரன் வீட்டுக் கராஜில் இருக்கிறது.

கார் இன்றும் கேலனுக்கு ஐம்பது மைல் கொடுக்கிறது.