“நீ” என்றால் நீலம்

அன்புக்கும், வேறு வழியில்லாத மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் நலம். உங்கள் நலத்தைத் தங்கை சொல்லிவிட்டாள், கொஞ்சம் வாட்டமாக இருக்கிறீர்களாம். இருக்கத்தானே செய்யும். உங்கள் புதுவீட்டு முன்னறைச் சுவரில் தொங்குவது என் கேமரா எடுத்த படம். இதை இன்னொரு முறை எழுத ஆசைதான்; கௌரவம் கருதி விடுகிறேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் அத்தனை உறவுக்காரர்கள் முன்னால், “என்ன மச்சான், உலகமே கலருக்கு மாறியாச்சு, நீங்க காசு கொடுத்துக் கறுப்பு வெள்ளைக் கேமரா வாங்கிட்டு வந்திருக்கீங்க!” என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்துவிட்டு, இருமியதுபோல் நடித்தாள். பிறகு அவள்தான், “ரெண்டு பேரும் வானத்தைப் படம் எடுங்க, நல்லா இருக்கிறதை முன்னறையில மாட்டறேன்” என்றாள்.

மாப்பிள்ளை, வண்ணக் கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். மற்ற நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதும் அந்த முறை உங்களுக்குப் பிடித்துப்போனதில் எனக்கு வியப்பில்லை. என் கேமராவில் எந்த நிறத்தை எடுத்தாலும் எல்லாப் புள்ளியும் வேலை செய்யும். முன்னால் நிற வடிகட்டியை மாற்றி மாற்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுத்துக் கணினியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வடிகட்டிகள் மூன்றையும் பொருத்திய சக்கரத்தில் சி, ப, நீ என்று எழுதி ஒட்டினேன். மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு கேமராவை இணைத்து, ஒரு நெபுலாவுக்கு, அதாவது விண்வெளியில் புகைபோல் தெரியும் ஒரு திட்டுக்கு, திருப்பி வைத்தேன். அந்த நேரம் பார்த்து மின்சாரச் செருகி ஆட்டம் கொடுத்தது, கையால் பிடித்தால்தான் மாடிக்கு மின்சாரம் போகும் என்று ஆனது, ஆகையால் நான் கீழே சமையலறையில் செருகியைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி மாடியில் சக்கரத்தைத் திருப்பிப் படம் எடுக்க, சிவப்பு முடிந்ததும் மேகம் வந்து, மேகம் போய், பச்சையும் முடிந்து, நான் கீழிருந்து கத்தினேன்: “இப்ப நீ!”

“நானா?”

“ஆமா, நீ! நீதான்! எத்தனை தடவை சொல்றது!”

மேலே தொலைநோக்கியை நகர்த்தும் சத்தம் கேட்டது. செருகியை விட்டுவிட்டு ஓடிப் பார்த்தால், தொலைநோக்கி அப்போதுதான் எழும்பிய நிலாவைப் பார்த்து நிற்கிறது.

“இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நீன்னு எங்கிட்ட ஒண்ணை ஒப்படைச்சீங்க,” என்றாள். “அந்தப் புகையில எனக்கு ஒண்ணும் தெரியல. நிலாவை எடுத்துட்டேன்.”

மறுபடி நெபுலாவுக்குத் திருப்புவதற்குள் மேகம் மூடிக்கொண்டது. நீலமே இல்லாத என் நெபுலா, சுவரில் ஈரம் இறங்கிய மாதிரி மஞ்சளாக வந்தது. இரண்டு படங்களையும் தங்கைக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பள்ளமும் மேடும் எண்ணி எடுக்கலாம் போலத் துல்லியமான அந்த நிலா, சுத்தக் கறுப்பு வெள்ளை, இப்போது உங்கள் முன்னறையில். உங்கள் வண்ண நெபுலா குளியலறை வாசலில், துண்டு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் என்று கேள்வி. வருத்தப்படாதீர்கள், அங்கேயும் ஆள் நடமாட்டம் உண்டு.

தங்கைக்கு என் ஆசிகள் அனைத்தும். அவள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் உங்களுக்கு.

இப்படிக்கு,
முன்னறை மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இதை மனைவி படித்துவிட்டாள். படத்தின் கீழே அவள் பெயரைத்தான் போட வேண்டுமென்று தங்கையிடம் முன்பே சொல்லிவிட்டாளாம். மேலும், “இந்த சி, ப, நீயெல்லாம் இனி என்னால ஆகாது. அண்ணன் அந்தக் கலர் கேமராவை எந்தக் கடையில வாங்கினார்னு கேட்டு எழுதுங்க” என்கிறாள். கடையின் பெயரை அவளுக்கே எழுதிவிடுங்கள். மாடி இப்போது அவள் வசம். செருகி மட்டும் என் வசம். என்ன செய்ய, “இப்ப நீ” என்று சொன்னவன் நான்தானே.