கரடியின் பெர்மிட்டை வாங்கிய மீன்கள்

ஒரு காட்டில், நம் பக்கத்துக் காடு இல்லை, பேசினால் பேச்சே உறைந்து தரையில் விழும் குளிர்நாட்டுக் காட்டில், ஓர் ஆறு ஓடியது. சால்மன் மீன்கள் வருடா வருடம் கடலிலிருந்து வந்து, எதிர்நீச்சல் போட்டு, அருவியைத் தாவி, மேலே போய் முட்டையிடும். அருவி உச்சியில் மொட்டையாண்டி என்ற கரடி வாயைத் திறந்தபடி நிற்கும். கழுத்தில் மீன்பிடி பெர்மிட் தொங்கும். தின்றதெல்லாம் சட்டப்படிதான்.

மீன் குறைந்துகொண்டே வந்தது. காட்டிலாகா அதிகாரி நரி ஒரு திட்டம் போட்டார்: மனமுவந்து விற்பவர்களின் பெர்மிட்டை இலாகாவே வாங்கிக்கொள்ளும். பல் போன நீர்நாய் விற்றது. கண் தெரியாத கழுகு விற்றது. ஜென்மத்தில் மீனே தின்னாத முயல்கூட எங்கிருந்தோ ஒரு பெர்மிட்டைத் தேடிப் பிடித்து வந்து விற்றது. அத்தோடு கஜானா காலி. கரடி மட்டும் அசையவில்லை.

வயிறு நிறைய முட்டையோடு வந்த வெள்ளாச்சி என்ற சால்மன், "அதை நாங்களே வாங்கிக்கிறோம்" என்றது. கரடி கேட்ட விலை, வயிற்று முட்டையில் பாதி. மீதியாவது பிழைக்கட்டும் என்று மீன்கள் அங்கேயே கொட்டிக் கொடுத்தன.

"யாரும் வற்புறுத்தலையே?" என்று நரி கேட்டார். கேட்க வேண்டும் என்று விதி.

"இல்லீங்க. வாய்தான் கொஞ்சம் ஊறிடுச்சு" என்றது கரடி.

பெர்மிட்டை வெள்ளாச்சியின் கழுத்தில் மாட்டினார்கள். மீனுக்குக் கழுத்து எது என்று தேடவே அரைநாள் போயிற்று.

மறுநாள் மீன்கள் அருவிக்கு வந்தால், அங்கே நரி நிற்கிறார். பெர்மிட் வைத்திருப்பவர் மீன் பிடித்துக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ரத்தாகி, பழைய சொந்தக்காரருக்கே இலவசமாகப் போய்விடுமாம்.

"ஐயா, அந்த மீனே நாங்கதான்" என்றது வெள்ளாச்சி.

"அது உங்க குடும்ப விஷயம். ஆள் வெச்சுப் பிடிச்சாலும் சரி."

மீன்கள் கூடிப் பேசின. அந்த வேலையில் அனுபவம் உள்ள ஆள் ஒருவர்தான் இருந்தார். பிடிப்பதெல்லாம் கூலி என்று முடிவாயிற்று.

கரடி பழையபடி அதே பாறையில் நின்றது. இப்போது தொழிலாளி என்பதால் மதிய ஓய்வும், நழுவிய மீனுக்கு ஓவர்டைமும் உண்டு. வெள்ளாச்சி தாவ வந்ததும், கரடி தன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது.

"நீங்க போய் இவ்வளவு தூரம் வரணுமா, முதலாளியம்மா? சொல்லியனுப்பியிருந்தா நானே கீழ இறங்கி வந்திருப்பேனே."

ஒரு கும்பிடு போட்டது. பிறகு வாயைத் திறந்தது.

நீதி: உன்னைத் தின்கிறவனுக்கு எப்பாடுபட்டாவது முதலாளி ஆகிவிடு, கும்பிட்டுவிட்டுத் தின்பான்.