மச்சினன் காருக்கு மார்க் போடாத நடுவர்

இந்தத் தடவை வீட்டுக்காரி பேச்சைக் கேக்கிறதில்லைன்னு முடிவு பண்ணினேன். கல்யாணமாகி இருவத்திரண்டு வருசத்துல இதே முடிவை நாப்பது தடவை பண்ணியிருக்கேன். ஆனா இது ஊருக்காகப் பண்ணின முடிவு. பின்வாங்க முடியாது.

தொண்ணூத்தி நாலுல ராஜபாளையத்துல பழைய கார் போட்டி வச்சாங்க. மில்லு முதலாளி ஷெட்டுல தூங்கின வண்டி, டாக்டர் வீட்டுல கோழி அடைஞ்ச வண்டி எல்லாத்தையும் தட்டி எழுப்பிக் கொண்டாந்தாங்க. நடுவர் மூணு பேரு. அதுல நான் ஒருத்தன். பேரு எலியேசர், ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். மத்த ரெண்டு பேரு, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் உப்பிலியும் ஒரு பல் டாக்டரும். காருன்னா ஏறி உக்காரணும்னு மட்டும் தெரிஞ்சவங்க.

சேதி வீட்டுக்கு வந்த அன்னைக்கே என் பொஞ்சாதி ஞானபாக்கியம் ஆரம்பிச்சிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற அவ தம்பி தேவஇரக்கம் தன்னோட ஆஸ்டின் காரைப் போட்டிக்குக் கொண்டு வாரானாம். அவன் மாமனார் அவனை ஒரு மனுசனாவே மதிக்கிறதில்லையாம். கோப்பையைக் கொண்டு போய் அவர் முன்னால வச்சாத்தான் தலை நிமிர முடியுமாம். அதனால முதல் பரிசு அவனுக்குத்தானாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் காரோட சாதகமே என் கையிலதான இருக்கு. ஏழு வருசம் முந்தி சோழபுரத்துக்கிட்ட எஞ்சின் போயி நடுரோட்டுல நின்ன வண்டி அது. பழசைக் கழட்டிப் போட்டுட்டு அம்பாசடர் எஞ்சினை உள்ள மாட்டினவன் நான்தான். போட்டி விதியோ, எஞ்சின் முதக்கொண்டு எல்லாம் ஒரிஜினலா இருக்கணும், இல்லேன்னா தள்ளுபடி. முடியவே முடியாதுன்னுட்டேன்.

மூணு வாரம் உசுரை வாங்கினா. பல் விளக்கும்போது முதல் பரிசு. ஜெபம் முடிஞ்சு ஆமென் சொன்ன கையோட முதல் பரிசு. மச்சினன் தினம் பஸ்ஸுல பால்கோவா குடுத்து விட்டான். மூணு வாரமும் தின்னேன். தின்னுட்டு முடியாதுன்னேன். கடைசியில கண்ணைக் கசக்க ஆரம்பிச்சிட்டா.

"நீங்க நடுவரா இருந்தும் பரிசு வேற ஆளுக்குப் போனா, எங்க ஆளுக என்னைய என்ன நினைப்பாவ?"

பரிசு குடுத்தா தொழில்ல பேரு போயிரும். குடுக்கலேன்னா வீட்டுல சோறு போயிரும். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

போட்டியன்னைக்கு மைக்கைப் பிடிச்சேன். இந்த ஆஸ்டின் என் மச்சினன் வண்டி, இதுக்கு நான் மார்க் போட மாட்டேன், கிட்டயே போக மாட்டேன்னு அறிவிச்சிட்டுக் வண்டிகளைச் சுத்திக் கட்டியிருந்த கயித்துக்கு வெளிய வந்து நின்னேன். கூட்டம் கை தட்டுச்சு. போட்டிக் குழுச் செயலாளர் வைகுண்டராஜ் எனக்குத் துண்டு போத்தினார். ஞானபாக்கியம் முகத்தைத் திருப்பிக்கிட்டா. பானெட்டைத் தொறந்ததும் எஞ்சினே காட்டிக் குடுத்துரும், பழி நம்ம மேல வராதுன்னு நான் தெம்பா இருந்தேன்.

தொறந்தாங்க. உப்பிலி வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, எம்புட்டு சுத்தமா வச்சிருக்காருன்னு அசந்துட்டாரு. பல் டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுக் குறை ஒண்ணுமில்லேன்னாரு. ரெண்டு பேரும் பத்துக்குப் பத்து போட்டாங்க. நான் கயித்து மேல எக்கி நின்னு கத்தினேன்.

"சார், அந்த எஞ்சினைச் செத்த நல்லாப் பாருங்க"ன்னேன்.

வைகுண்டராஜ் ஓடியாந்து என் தோளைப் பிடிச்சார். "அண்ணாச்சி, இம்புட்டு நேரம் கவுரவமா இருந்திய. இப்ப மச்சினனுக்குச் சிபாரிசு பண்ணலாமா?"

சிபாரிசு இல்லேன்னு சொல்லச் சொல்ல, என்னையப் பந்தலுக்குள்ள கூட்டிட்டுப் போயி, காப்பியைக் கையில குடுத்து உக்கார வச்சிட்டார்.

சராசரி போட்டுப் பாத்ததுல முதல் பரிசு ஆஸ்டினுக்கு. நேர்மையான மனுசன் கையாலயே குடுக்கட்டும்னு கோப்பையை என்கிட்ட நீட்டினாங்க. மேடையில உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த எஞ்சினை மாட்டினது யாருன்னு அடுத்த கேள்வி வரும். வாயைப் பொத்திக்கிட்டுக் குடுத்தேன். மச்சினனோட மாமனார் முதல் வரிசையில எந்திரிச்சு நின்னு கை தட்டினார். தேவஇரக்கம் அழுதே போட்டான்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறல. உன் தம்பிக்கு அடிச்சது குருட்டு அதிர்ஷ்டம், நான் மட்டும் உள்ள நின்னிருந்தா பானெட்டைத் தொறந்த நிமிசமே அவன் வண்டியை வெளிய தள்ளியிருப்பேன்னு கத்தினேன். ஞானபாக்கியம் சேலையை மடிச்சுக்கிட்டே நிதானமாச் சொன்னா.

"தெரியும்லா. உங்கள எப்படி வெளிய நிக்க வைக்கன்னு யோசிச்சுத்தான, மூணு வாரமா முதல் பரிசு கேட்டேன்."