இலை தின்னியா, கறி தின்னியா?

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் யாருக்கும் கெடுதல் செய்ய மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். செய்வார்கள். "தெரியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு பெண்ணை நான் வீட்டை விட்டே துரத்தப் பார்த்தேன்.

எங்கள் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம். மாடி அறைகளை வாடகைக்கு விடுகிறோம். தியானம் செய்ய வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. அதனால் கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பு. (எங்களுக்கே ஆம்லெட் ஆசை வந்தால், கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறுவோம்.)

தேன்மொழி என்ற அரியலூர்ப் பெண் ஓர் அறைக்குக் குடிவந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மீதி நேரத்தில் ஏதோ ஆராய்ச்சி. தனியாக இருக்கிற பெண், கூடவே பெட்டி பெட்டியாகக் கல் என்றதும் வேறு யாரும் இடம் தரவில்லையாம். இருக்கிற இடமே தெரியாது, அவ்வளவு அமைதி.

ஒருநாள் மொட்டை மாடியில் காயவைத்த வடகத்தை எடுக்கப் போனபோது, அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"முட்டை ஓடு வந்துடுச்சு சார். நல்லா தடிமனா இருக்குது. ஒரு துண்டு ரெடி, மீதியையும் இன்னைக்கே அறுத்துப் பார்த்துடறேன்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசைமேல் பேப்பரில் பழுப்பு நிற ஓட்டுத் துண்டுகள்.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் சங்கடமாகிவிடுமே (அவளுக்கு இல்லை, எனக்கு). கீழே இறங்கிவந்து, பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் சரோஜாவிடம் சொன்னேன். சரோஜாவிடம் சொல்வதும் தேரடியில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான்.

"இன்னா அண்ணி, இதைப்போய் ரகசியமா சொல்றீங்க? வாங்க மேல!" என்று படியேறிவிட்டாள். நான் வடகத் தட்டைக்கூடக் கீழே வைக்காமல் பின்னால் போனேன்.

கதவு திறந்ததும் சரோஜா கேட்டாள். "கோழியா, வாத்தா?"

தேன்மொழிக்கு முதலில் புரியவில்லை. மேசையைச் சரோஜா கைகாட்டியதும் சிரித்துவிட்டாள். "அய்யோ, இது டைனோசர் முட்டைங்க. நர்மதை ஆத்துப் பக்கம் கிடைச்சது. கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. கல்லாவே போயிடுச்சு."

"பழசா இருந்தா முட்டை இல்லனு ஆயிடுமா?"

(சரோஜாவின் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) தேன்மொழி முகம் வாடிப்போய், "இதை எந்த டைனோசர் போட்டதுனு கண்டுபிடிக்கிறதுதாங்க என் வேலையே. இதுக்குத்தான் டாக்டர் பட்டம் தருவாங்க. வேற எங்கேயும் ரூம் கிடைக்காதுங்க" என்றாள்.

சரோஜா ஓட்டுத் துண்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தாள். "அது இன்னா தின்னும்?"

"ஒரு வகை இலை தழை தின்னும். ஒரு வகை கறி."

"இலை தின்னி போட்டதுன்னா சைவம், இருக்கட்டும். கறி தின்னின்னா இன்னைக்கே காலி பண்ணிடு. ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"முடியுங்க. ஓட்டைப் பேப்பர் மாதிரி மெல்லிசா தேய்ச்சுக் கண்ணாடியில ஒட்டி, மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். நீளக் கழுத்து வெச்ச இலை தின்னின்னா, விசிறி விசிறியா வரிசையா தெரியும். கறி தின்னின்னா ரெண்டு அடுக்கா இருக்கும், கோழி முட்டை மாதிரி. நூத்துக்கு நூறு சொல்லணும்னா உள்ள குஞ்சு இருக்கணும்."

"குஞ்சு வேறயா!" என்றாள் சரோஜா. "அண்ணி, வீட்டுக்காரங்க நீங்கதான். பார்த்துச் சொல்லுங்க."

தேன்மொழி தேய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் பொருத்திவிட்டு, "இருங்கம்மா" என்று மேசைக்கு அடியில் குனிந்தாள். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. (இருந்ததே ஒரே ஒருத்திதான்.) சட்டென்று குழாயில் கண்ணை வைத்தேன்.

ஒரே இருட்டு. நடுவில் என் இமை முடி மட்டும்.

"இன்னா தெரியுது? விசிறியா, அடுக்கா?"

ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைத்துவிட மாட்டார்களா? கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தையைச் சொன்னேன். "அடுக்கு."

"எத்தனை?"

"ரெண்டு." கூடவே, "நல்லா தெளிவா இருக்குது" என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

"கறி தின்னி!" என்று சரோஜா தீர்ப்புச் சொன்னாள். "மூட்டையைக் கட்டு."

மேசைக்கு அடியிலிருந்து தேன்மொழியின் தலை எழுந்தது. கையில் பிளக். "அம்மா... நான் இன்னும் விளக்கே போடலையே."

வடகத் தட்டு என் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தம் அப்போது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

விளக்குப் போட்டு மறுபடி பார்த்தோம். விசிறிகள், பக்கத்தில் பக்கத்தில், யாரோ அடுக்கி வைத்ததுபோல. சரோஜா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "பாவம், தழை தின்னுட்டு இருந்திருக்குது" என்று சொல்லி இறங்கிப் போனாள். தேன்மொழி அந்த அறையிலேயே இருந்து பட்டமும் வாங்கினாள்.

எனக்குத்தான் விடிவு இல்லை. சேலை எடுக்கப் போனாலும், மாப்பிள்ளை போட்டோ பார்த்தாலும், நான் தலையாட்டியதும் என் மகன் கேட்பான்: "அம்மா, விளக்குப் போட்டாச்சா?"

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குச் சரோஜாதான் கூட வந்தாள். மெஷினில் தாடையை வைக்கச் சொன்ன டாக்டர், "என்னம்மா, தெரியுதா?" என்றார்.

"நல்லா தெரியுதுங்க" என்றேன்.

"டாக்டர், எதுக்கும் மெஷினை ஒரு தடவை பார்த்துக்கோங்க" என்றாள் சரோஜா.

டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.