விரிப்பின் மறுமுனை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். அங்கே நீயும் அத்தானும், அத்தானுடைய முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

நான் மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னதும் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாயாம். சரி, அதற்குப் பிறகு நடந்ததையும் கேட்டுக்கொள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் சலவைக்கூடம் எங்களுடையது. ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு பாஷை. பொதுவாக ஒரு பாஷை இருக்கிறது. அதை எல்லோரும் பாரபட்சமில்லாமல் கொலை செய்கிறோம். மடிக்கிற இடத்தில் இருப்பவர்கள் ஒரே தேசத்துப் பெண்கள். அதில் ஒருத்தியின் கை இருக்கிறதே, விரிப்பைத் தொட்டால் அது தானாகவே மடிந்துகொள்ளும். புதுப் பதவி பார், எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, அவளை நடுவில் நிறுத்தி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டுமில்லையா, மறுமுனையைப் பிடிக்க ஒருத்தியும் வரவில்லை. மேசையில் பரப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடித் தனியாக மடித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் வேறொரு தேசத்துக்காரர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவர். தப்பு உன்மேல்தான் என்று சொல்லிவிட்டு இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டார். என்ன தப்பு என்று அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் அவளே வேலையை விடுகிறேன் என்று என் அறைக்கு வந்தாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருத்தியை மட்டும் புகழ்ந்தால், மற்றவர்கள் எல்லோரையும் இகழ்ந்த மாதிரியாம். கூட இருப்பவர்களை என்னிடம் காட்டிக்கொடுத்துப் பெயர் வாங்கிவிட்டாள் என்று நினைக்கிறார்களாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டுங்க. இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நான் யாரைத் திட்டியிருக்கிறேன்? வீட்டில் என் மனைவியை எதிரே நிறுத்தி ஒத்திகை பார்த்தேன். அவளும் பதிலுக்கு ஆரம்பித்தாள். அது ஒத்திகை மாதிரியே இல்லை.

மறுநாள் மடிக்கிற மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "என்ன மடிப்பு இது? கண்ணை எங்க வச்சிருந்தே?" என்று கத்தினேன். பாதியில் குரல் கம்மிவிட்டது. எல்லோரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. எனக்குத்தான் தெரியும், சிரிப்பை அடக்குகிறாள் என்று. அவர்களில் மூத்தவள் என்னை ஒரு முறை முறைத்தாள் பார், உன் முறைப்பெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். முறைத்துவிட்டு நேரே போய் விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். விரிப்பு எழும்பி அவர்கள் முகத்தை மறைத்தது. அதற்குப் பின்னாலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நான் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

இப்போது அவள் அவர்களோடுதான் சாப்பிடுகிறாள். என்னைத்தான் யாருக்கும் பிடிக்கவில்லை, போகட்டும். ஆள்களை நடத்தும் வித்தை பிடிபட்டுவிட்டது. அத்தான் ஆபீசில் இந்த மாதிரிச் சிக்கல் ஏதாவது வந்தால் தயங்காமல் என்னைக் கேட்கச் சொல். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு நெற்றியில் ஒவ்வொரு முத்தத்தையும் என் சார்பில் கொடுத்துவிடு.

உன் பிரியமுள்ள,
தம்பி

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மெக்கானிக் என் அறைக்கு வந்தார். ஒரு பாவமும் அறியாத பெண்ணை நான் அவமானப்படுத்தியது அநியாயமாம். மேலிடத்தில் புகார் கொடுக்கப் போகிறாராம். முதுகுக்குப் பின்னால் செய்வது தனக்குப் பிடிக்காதாம், எனக்குச் சம்மதமா என்று கேட்டார். அவளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே, என்னத்தைச் சொல்வது? வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன் அக்கா. அவர் தேசத்தில் அதற்கு என்ன அர்த்தமோ, அவர் என் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்.