அக்கா அனுப்பிய கிராம் கணக்கு

"தினமும் எத்தனை கிராம் புரோட்டீன் உள்ளே போச்சுன்னு வீட்டுல இருக்கிறவங்கதான் எனக்கு அனுப்பணும்" என்றாள் டயட்டீஷியன்.

"நானே அனுப்பறேனே" என்றார் பூட்டுக்காரர். பூட்டு, சாவிக் கடை வைத்திருப்பவர். எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்கிக்கொண்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க அனுப்பினா, வேண்டிய அறுபது கிராமும் போச்சுன்னுதான் வரும். பேஷண்ட் எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. வீட்டுல கூட யாரு இருக்கா?"

வீட்டில் அவரும் ஒரு ஃப்ரிட்ஜும்தான்.

"அக்கா" என்று சொல்லிவிட்டார், பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளையான அவர்.

டிராயரில் கிடந்த பழைய போனுக்குப் புது சிம் வாங்கிப் போட்டார். சாவி ராவிய நேரம் போக மிச்ச நேரத்தில் அக்கா ஆனார்.

'ரெண்டு முட்டை பன்னெண்டு கிராம். பருப்பு ஏழு. தயிர் நாலு. பால்ல கலந்த பவுடர் பதினெட்டு. மொத்தம் நாப்பத்தொண்ணு.'

தன் பெயரில் என்றால் அறுபது என்றே எழுதியிருப்பார். அக்காவைப் பொய் சொல்ல வைக்க மனசு வரவில்லை.

'குறையுதேக்கா. கொஞ்சம் அதட்டி சாப்பிட வைங்க' என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தவர், "டேய், இன்னும் பத்தொம்பது கிராம் பாக்கி" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அவரை யாரும் டேய் என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. மறுபேச்சில்லாமல் இன்னொரு முட்டையை வேகவைத்தார்.

மூன்றாவது வாரம் ஐம்பத்தெட்டைத் தொட்டார். அதுதான் வினையாகப் போனது.

'உங்ககிட்ட ஒரு தடவை பேசணும்க்கா' என்றாள் டயட்டீஷியன்.

'தொண்டை கட்டியிருக்கும்மா.'

'இங்கேயே தொண்டை டாக்டர் இருக்கார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டோக்கன் போட்டுட்டேன்.'

வியாழக்கிழமையே அக்கா தன் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

'அப்போ தம்பிக்கு யார் சமைக்கறா? நாளைக்கு வீட்டுக்கு ஒரு நர்ஸை அனுப்பறேன்.'

போன சுருக்கில் அக்கா திரும்பி வந்தாள். தொண்டையும் சரியாகிவிட்டது என்று எழுதினாள்.

'நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை பேஷண்ட்டும் கூட இருக்கிறவங்களும் வர்ற மீட்டிங். உங்க கணக்குதான் ரொம்ப சுத்தம். நீங்க நாலு வார்த்தை பேசணும்.'

பூட்டுக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். இனி ஒரே வழிதான். தன் சொந்தப் போனை எடுத்து, 'அக்கா இன்று காலை தவறிவிட்டார்' என்று அடித்தார். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். சாவி கேட்டு வந்த பெண்மணி, "கண்ணுல தூசியா?" என்று விசாரித்தாள்.

"இரும்புத்தூள்" என்று சொல்லிவிட்டு, அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அக்கா உயிரோடு இருக்கட்டும். வரும் வழியில் பஸ்ஸைத் தவற விடட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி முன்னதாகவே போய்விட்டார். மாடி ஹாலில் ஒரு அட்டெண்டர் மட்டும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். டயட்டீஷியன் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு முன் இவரிடம் ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று பட்டது.

"எங்க அக்கா வந்துட்டே இருந்தாங்க. பஸ்ஸை விட்டுட்டாங்க. அவங்க நாற்காலியை வேணா எடுத்துடுங்க."

அட்டெண்டர் நிமிரக்கூட இல்லை.

"எடுக்க ஒண்ணுமில்ல சார், பேஷண்ட்டுக்கு ஒண்ணுன்னுதான் போட்டிருக்கேன், மூணு வருஷமா இந்த மீட்டிங்குக்கு வர்ற யாரோட துணையும் பஸ்ஸைப் பிடிச்சதே இல்ல."