எட்டு அடுப்புகளை அணைத்த இரண்டு பாட்டில் பினாயில்

நான் பொய் சொல்வதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற ஆட்களில் நானும் ஒருவன். அது உண்மையும்கூட. ஆனால் வாயையே திறக்காமல் ஒரு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பதை எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமத்தில், மண்டல மேலாளர் முன்னிலையில் செய்துகாட்டியிருக்கிறேன். (ஊர்ப்பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மீது எந்தத் தப்பும் இல்லை.)

அப்போது நான் ஒரு வங்கியில் கிராமக் கடன் அலுவலர். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. சாணத்திலிருந்து அடுப்பெரிக்க வாயு எடுக்கும் கோபர் கேஸ் கலம் கட்ட அரசாங்கம் மானியம் கொடுத்தது. மிச்சத்துக்கு வங்கி கடன் கொடுத்தது. ஊர் ஊராகப் போய் எடுத்துச் சொல்லி ஆள் சேர்ப்பது என் வேலை. டவுன் மளிகைக்கடைக்காரர் மகனான எனக்கும் சாணிக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, மார்கழிக் கோலத்தின் நடுவில் பூசணிப்பூ செருகுவதற்கு உருட்டி வைப்பார்களே, அந்த அளவுதான். மூன்று நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்ததும், உலகத்துச் சாணிக்கெல்லாம் நானே அதிகாரி என்கிற நினைப்பு வந்துவிட்டது.

சுப்பையா அண்ணாச்சியிடம் அந்த நினைப்பு பலிக்கவில்லை. இரண்டு உழவுமாடு, ஒரு பசு, ஒரு எருமை வைத்திருந்த சம்சாரி அவர் (அந்தப் பக்கத்தில் விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள்).

“காட்டுக்குப் போற சாணிய அடுப்புல போடச் சொல்லுதீங்க. நெலத்துக்கு என்னத்தப் போட? ஒங்க நோட்டையா?”

வாயு போனபிறகு வெளியே வரும் கரைசல் இன்னும் நல்ல உரம் என்று நான் விளக்கினேன். அவர் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார், அவ்வளவுதான். சம்மதிக்க வைத்தது அவர் மனைவி ராமலட்சுமி அக்காதான். காய்ந்த பருத்திச் செடிக் குச்சியான பருத்திமாரை எரித்து எரித்து அந்தம்மாவுக்கு எந்நேரமும் இருமல், கண் இரண்டும் சிவப்பு.

“பத்து வருசமா நான் பொகையத்தான் திங்கேன். இதையாவது எனக்குக் கட்டிக் குடுங்க” என்றார் கணவரிடம். அண்ணாச்சி மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ராமலட்சுமி அக்காவைப் பார்த்துத் தெருவில் இன்னும் எட்டு வீட்டுப் பெண்களும் மனுக் கொடுத்தார்கள். எங்கள் கிளை மேலாளர் ஜாக்கிரதைப் பேர்வழி. “மொதல்ல ஒண்ணு எரியட்டும். மண்டல மேலாளர் வந்து கண்ணால பாக்கட்டும். அப்புறம் அந்த எட்டுக்கும் கையெழுத்துப் போடுவோம்” என்றார். ஆக, எட்டு அடுப்பும் அந்த ஓர் அடுப்பை நம்பி இருந்தன.

அந்த அடுப்பு நன்றாகவே எரிந்தது. தரையில் ஆழமாகக் கட்டிய தொட்டி, அதன்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எரிக்க எரிக்க இறங்கும். முதல் நாள் நீலமாகத் தீ நின்றபோது ராமலட்சுமி அக்கா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு வீட்டுப் பெண்களும் முறைவைத்து வந்து ஆளுக்கொரு சட்டி வெந்நீர் போட்டுப் பார்த்தார்கள்.

இதோடு நான் விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை மண்டல மேலாளர் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த மனிதர், தொழுவ நாற்றத்தில் மூக்கைப் பொத்திவிட்டால் என்ன ஆவது? புதன்கிழமை என் அப்பா கடையிலிருந்து இரண்டு பெரிய பாட்டில் பினாயிலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

“அக்கா, ரெண்டு நாளும் ரெண்டு நேரம் தொழுவத்தை நல்லாக் கழுவிவிடுங்க. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கணும்.”

“இம்புட்டையுமா சார்?”

“இம்புட்டையும்.”

அந்த அம்மா சொன்னபடி செய்தார். இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற ஊர். அங்கே யாரும் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தெருவில் விடமாட்டார்கள். தொழுவம் கழுவிய தண்ணீரிலேயே சாணியைக் கரைத்துத் தொட்டிக்குள் விட வேண்டும் என்று வாய்க்கால் வெட்டச் சொன்னவனும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் டிரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. முந்தைய நாள் எரித்ததில் இறங்கியது, பிறகு எழும்பவே இல்லை. அழுத்தம் கொடுத்தால் வாயு வரும் என்று நோட்டில் படித்த ஞாபகத்தில் அம்மிக்கல்லைத் தூக்கி டிரம்மின்மேல் வைத்தேன். போதவில்லை. நானே ஏறி நின்றேன். சரியாக அந்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மண்டல மேலாளர் முதன்முதலில் என்னைப் பார்த்தது, புதுச் சட்டையும் டையுமாக அம்மிக்குப் பக்கத்தில் நான் விறைப்பாக நின்ற அந்தக் கோலத்தில்தான்.

அடுப்பைத் திருகினார்கள். ‘புஸ்’ என்றது. ஒரு தீக்குச்சி, இரண்டு, ஐந்து. தீப்பெட்டி செய்கிற சீமையில் குச்சிக்கா பஞ்சம்? ஆனால் பற்றவில்லை.

“இங்க என்ன ஒரு வாசனை?” என்றார் மண்டல மேலாளர்.

“பினாயில், சார். ரெண்டு நாளா கழுவியிருக்கு” என்றேன், பதக்கம் வாங்குகிறவன் மாதிரி.

கலம் கட்டிய கொத்தனார் தலையில் கை வைத்தார். “கழுவுன தண்ணி எங்கன போச்சு சார்? சாணியப் புளிக்க வைக்கிறதே உள்ள இருக்க பூச்சிதான். பினாயில் அம்புட்டையும் கொன்னுருக்குமே!”

(அன்று மாலை என் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ‘சோப்பு, பினாயில் கலந்த நீர் கூடவே கூடாது.’ என் கையெழுத்து. கீழே இரண்டு கோடு வேறு.)

“யார் ஊத்தச் சொன்னது?” என்று கேட்டார் மண்டல மேலாளர்.

நான் வாயைத் திறந்தேன். நிரந்தரமாகாத வேலை ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

“நான்தான் சார்” என்றார் ராமலட்சுமி அக்கா. “பெரிய ஆளுக வருதாவளேன்னு நானாத்தான் ஊத்துனேன்.”

“ஏட்டி, கூறுகெட்டவளே! ஊரே பாத்துச் சிரிக்கும்படி பண்ணிட்டியே” என்று சுப்பையா அண்ணாச்சி அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். அவர் அக்காவைத் திட்டத் திட்ட நான் டிரம்மில் கம்பெனி முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்புவது அந்த வீட்டு வழக்கமில்லை. அந்தம்மா பழைய அடுப்பில் பருத்திமாரைத் திணித்து ஊதினார். புகை கூடம் முழுக்க வந்தது. மண்டல மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே குடித்தார். உள்ளேயிருந்து இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் காபியை நானும் குடித்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் ‘பயனாளிகளுக்குப் பராமரிப்பு அறிவு போதாது’ என்று அறிக்கை வந்து, எட்டு மனுக்களும் திருப்பி அனுப்பப்பட்டன. எட்டு உறையிலும் விலாசம் எழுதியவன் நான்.

பரிகாரமாக நான் செய்தது ஒன்றுதான். எட்டயபுரம் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வேறொரு கலத்திலிருந்து புளித்த கரைசலைப் பால் கேனில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்து ஊற்றினேன். கண்டக்டர் என்னையும் கேனையும் படிக்கட்டிலேயே நிற்க வைத்தார். ஞாயிறுதோறும் இப்படி ஐந்து தடவை. ஒன்றரை மாதத்தில் அந்த ஒரு வீட்டு அடுப்பு மறுபடி எரிந்தது. மற்ற எட்டு வீட்டிலும் புகைதான்.

மூன்று வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் சுப்பையா அண்ணாச்சி வீட்டுக்குப் போய், உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: “அண்ணாச்சி, அன்னைக்குப் பினாயில் வாங்கிக் கொடுத்தது நான். ஊத்தச் சொன்னதும் நான்தான்.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும் சார். எங்க ஊர்க் கடையில பினாயில் ஏது?”

“அப்புறம் ஏன் அக்காவை அப்படித் திட்டினீங்க?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பீங்கான் தட்டு உடைந்தாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, நான் பேசாமல் இருந்தால் அவள் இடுப்பில் கை வைத்து, “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது பேத்தியும் சொல்கிறாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டு, தட்டை உடைத்தது நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டுவிடுவேன், உடைக்காத தட்டாக இருந்தாலும்.